ரோபோவைப் பரண்மேல் போட்டால் இங்கிலீஷ் வந்துவிடுமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

"என் மகனுக்கு 14 வயது. எட்டாவது வரை தமிழ் வழியில் படித்தான். இந்த வருஷம் ஒன்பதாவதுக்கு இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தோம். கணக்கும் சயின்ஸும் புரிகிறது, ஆனால் பதில் எழுத வரவில்லை என்கிறான். காலாண்டுத் தேர்வில் இங்கிலீஷில் 31 மார்க். வீட்டுக்கு வந்தால் பழைய பொம்மைக் கார், மோட்டார், வயர் இவற்றோடுதான் இருக்கிறான். சுவரைக் கண்டால் திரும்பிக்கொள்ளும் வண்டி ஒன்றை அவனே செய்தான். அடுத்து, மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறினால் அலாரம் அடிக்கிற கருவி செய்யப்போகிறேன் என்றான். என் கணவரோ 'முதல்ல இங்கிலீஷ் வரட்டும், அப்புறம் ரோபோவைப் பார்க்கலாம்' என்று எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை.

இதற்கிடையில் 'ரோபோட்டிக்ஸ் மூலம் இங்கிலீஷ், 45 நாளில் சரளமாகப் பேசலாம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு தனியார் மையத்தில் சேர்த்தேன். 18,000 ரூபாயில் 10,000 கட்டியாயிற்று. ஆறு வகுப்பு போனான். கிட் கையில் தருவோம் என்றார்கள், தரவில்லை. டேப்லெட்டில் வீடியோ காட்டிவிட்டு, வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்களாம். போய்க் கேட்டால், 'வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், அப்போதுதான் வரும்' என்கிறார்கள். நான் பத்தாவது வரை படித்தவள், எனக்கு இங்கிலீஷே தெரியாது. தமிழை நிறுத்தினால் என் பிள்ளையோடு நான் எப்படிப் பேசுவது? பணத்தைத் திருப்பிக் கேட்டால், ரசீதில் 'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். ரோபோவை நிறுத்தியது சரிதானா? இலக்கணத்தை அடியிலிருந்து தொடங்க வேண்டுமா? அந்தப் பணம் போனது போனதுதானா?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக அந்த அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். இதை உங்கள் கணவரைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. மீடியம் மாறிய பிள்ளை தடுமாறும்போது, 'கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளை ஒதுக்கிவிட்டால் சரியாகிவிடும்' என்று ஒரு தகப்பனுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் உங்கள் மகனுக்கு இப்போது இங்கிலீஷில் சொல்வதற்கென்று இருக்கும் ஒரே விஷயம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. புதுச்சேரியிலும் கடலூரிலும் பல வருடங்களாகப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி வருகிறேன். 'உன்னைப் பற்றி இங்கிலீஷில் ஐந்து வரி சொல்' என்றால் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகள், 'இந்த வண்டி ஏன் திரும்புது?' என்று கேட்டால் நிமிர்ந்து பேச ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதே சமயம், இன்னொரு நம்பிக்கையையும் மென்மையாகத் திருத்த வேண்டியிருக்கிறது. ரோபோ செய்தாலே இங்கிலீஷ் வந்துவிடாது. ஒரு பிள்ளை வாயைத் திறக்காமலே பத்து ரோபோ செய்துவிட முடியும். செய்ததை வாக்கியமாகச் சொல்லும்போதும் எழுதும்போதும்தான் மொழி வருகிறது. உங்களுக்கு வந்த விளம்பரத்தில் பாதி உண்மை. ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டு மொழியைக் கற்பது உலகமெங்கும் நடப்பதுதான். ஆனால் செய்வதற்குப் பொருள் கையில் இல்லாமல், அதைப் பற்றிப் பேசவும் வைக்காமல் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னால் மிஞ்சுவது பழைய டியூஷன்தான்.

'பண்ணு' என்ற சொல்லை உரித்துப் பாருங்கள்

உங்கள் மகன் வேலை செய்யும்போது என்ன பேசுகிறான் என்று ஒரு மாலை முழுக்கக் கேட்டுப் பாருங்கள். 'வயரைக் கனெக்ட் பண்ணணும்', 'பேட்டரியைச் சார்ஜ் பண்ணலை', 'வீலை ஃபிட் பண்ணிட்டேன்', 'மறுபடி டெஸ்ட் பண்றேன்'. நாம் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம். நீங்களும் 'மிக்ஸியை ஆன் பண்ணு' என்றுதான் சொல்வீர்கள். 'எனக்கு இங்கிலீஷே தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்கள், சகோதரி. உங்கள் வாயில் ஐம்பது இங்கிலீஷ் வினைச்சொற்களாவது தினமும் புழங்குகின்றன. ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு 'பண்ணு' ஒட்டிக்கொண்டிருப்பதால் அவை இங்கிலீஷாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். அவன் சொல்கிற 'பண்ணு' வார்த்தைகளை எல்லாம் அதில் எழுதட்டும். பிறகு 'பண்ணு'வை உரித்துவிட்டு, முன்னால் 'ஐ' போட்டு, நேற்று நடந்ததாக மாற்றட்டும். ஐ கனெக்டட் தி வயர். ஐ சார்ஜ்ட் தி பேட்டரி. ஐ செக்ட் தி சுவிட்ச். மூன்றுக்கும் கடைசியில் எழுதுவது ஒரே ஈ-டி என்றாலும் வாயில் மூன்று விதமாக ஒலிக்கிறது: 'டட்', மெல்லிய 'ட்', அழுத்தமான 'ட்'. இறந்தகாலத்தை அட்டவணையாகப் படித்தபோது ஏறாதது, தன் கை செய்த வேலையைச் சொல்லும்போது ஏறும்.

எல்லாவற்றையும் 'செய்தேன்' என்று சொல்லிப் பழகிய நமக்கு வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. 'ஐ டிட் அ ரோபோ' என்று எழுதுவான். பொருளை உருவாக்கினால் 'ஐ பில்ட் அ ரோபோ' அல்லது 'ஐ மேட் அ ரோபோ'. அதேபோல 'இட் இஸ் ஹேவிங் ஃபோர் வீல்ஸ்' என்பது நம் ஊரில் ஆசிரியர்கள் வாயிலும் வருகிற பிழை. நான்கு சக்கரம் இருப்பது இந்த நிமிஷம் நடக்கிற செயல் இல்லை, அது வண்டியின் நிலை. அதனால் 'இட் ஹேஸ் ஃபோர் வீல்ஸ்'. 'இட் இஸ் டர்னிங்' சரி, ஏனென்றால் இப்போது திரும்பிக்கொண்டிருக்கிறது. வண்டி கண்முன்னால் நிற்பதால் இந்த வித்தியாசத்தை விளக்க இலக்கணப் புத்தகம் தேவைப்படாது.

தண்ணீர் ஏறினால் அலாரம் அடிக்கும்

அவன் செய்ய நினைக்கிற கருவியைப் பற்றிப் படித்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை கரைபுரண்டு வந்ததையும் பார்த்த பிள்ளைக்கு இது விளையாட்டுப் பொருள் இல்லை. சொல்லப்போனால், இங்கிலீஷில் நம் பிள்ளைகள் அதிகம் திணறுகிற 'இஃப்' வாக்கியத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

தமிழில் நிபந்தனை வினையின் வாலில் வருகிறது: 'ஏறினால்'. இங்கிலீஷில் வாக்கியத்தின் தலையிலேயே 'இஃப்' வந்து நிற்கிறது. எப்போதும் நடப்பது என்றால்: இஃப் தி வாட்டர் ரைசஸ், தி அலாரம் ரிங்ஸ். இன்றைக்கு ராத்திரி பற்றிச் சொன்னால்: இஃப் தி வாட்டர் ரைசஸ் டுநைட், தி அலாரம் வில் ரிங். 'வில்' இரண்டாவது பாதியில் மட்டும்தான் வர வேண்டும். 'இஃப் தி வாட்டர் வில் ரைஸ்' என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு.

மூன்றாவது வகை, நடக்காமல் போனதைச் சொல்வது. கருவி செய்யும் பிள்ளைக்கு இது வாரத்துக்கு நான்கு முறை தேவைப்படும். 'பேட்டரியைப் பார்த்திருந்தால் அலாரம் அடித்திருக்கும்': இஃப் ஐ ஹேட் செக்ட் தி பேட்டரி, தி அலாரம் வுட் ஹேவ் ரங். பள்ளியில் பெரிய சூத்திரமாகப் பயமுறுத்துகிற வாக்கியம் இது. ஆனால் தமிழைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'இருந்தால்' நிற்கும் இடத்தில் 'ஹேட்', 'இருக்கும்' நிற்கும் இடத்தில் 'வுட் ஹேவ்'. இந்த எண்ணம் அவனுக்குத் தமிழில் ஏற்கெனவே தெரியும். உடையை மட்டும்தான் மாற்றப்போகிறான்.

தண்ணீர் மட்டத்தை அளக்க, இரண்டு கண் வைத்தது போல் இருக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரை அவன் வைத்திருக்கலாம். ஒரு கண் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும், மற்றொன்று திரும்பி வரும் எதிரொலியை வாங்கும். அனுப்புவது டிரான்ஸ்மிட்டர், வாங்குவது ரிசீவர். வினைக்குப் பின்னால் 'அர்' ஒலி சேர்ந்து கருவியின் பெயராகிறது. கன்ட்ரோல் கன்ட்ரோலர் ஆவதும், சென்ஸ் சென்சார் ஆவதும், ரொட்டேட் என்ற சொல்லோடு ரோட்டர் உறவாக இருப்பதும் இப்படித்தான். கடைசி எழுத்து சில சொற்களில் ஈ-ஆர், சிலவற்றில் ஓ-ஆர் என்பதை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். அந்த வகை சென்சாரில் பரவலாகக் கிடைக்கும் ஹெச்சி-எஸ்ஆர்04 என்ற மாடல் சுமார் 2 சென்டிமீட்டரிலிருந்து 400 சென்டிமீட்டர் வரை அளக்கும். அதைத் தண்ணீருக்கு மேலே, கீழ்நோக்கி மாட்டுவார்கள். தண்ணீர் ஏற ஏற, சென்சாருக்கும் தண்ணீருக்கும் உள்ள தூரம் குறையும்: ஆஸ் தி வாட்டர் ரைசஸ், தி டிஸ்டன்ஸ் டிக்ரீசஸ். ஒலி போய்த் திரும்புவதால் கணக்கில் வருகிற தூரத்தை இரண்டால் வகுக்க வேண்டும். ஏன் என்று கேளுங்கள்: பிகாஸ் தி சவுண்ட் டிராவல்ஸ் டு தி வாட்டர் அண்ட் பேக். இந்த ஒரு கருவியை விளக்கி முடிப்பதற்குள் இஃப், ஆஸ், பிகாஸ், பிட்வீன், அபவ், பிலோ எல்லாம் தானாக வந்துவிடும்.

சயின்ஸ் தேர்வுக்கும் இது நேராக உதவும். அங்கே மார்க் போவது பெரும்பாலும் 'டிஃபைன்' கேள்விகளில். 'அ சென்சார் இஸ் அ டிவைஸ் தட் டிடெக்ட்ஸ் சேஞ்சஸ்' என்று ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால், 'தட்' என்ற சொல்லுக்குப் பின்னால் வேலையை மாற்றி மாற்றி மோட்டார், பேட்டரி, சுவிட்ச் எல்லாவற்றுக்கும் அவனே வரையறை எழுதலாம். பேட்டரியைப் பற்றி எழுதினால் 'தட் ஸ்டோர்ஸ் எனர்ஜி', அவ்வளவுதான்.

திட்டாமல் திருத்துகிற வாத்தியார்

ஆர்டுயினோ என்ற சிறு கம்ப்யூட்டர் போர்டுக்குப் புரோகிராம் எழுதத் தொடங்கியிருந்தால் அவனுக்கு இன்னொரு வாத்தியார் கிடைத்திருக்கிறார். 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா என்ற ஊரில் மாணவர்களுக்காக உருவான போர்டு அது. அலாரம் ஒலிக்கும் பஸ்ஸருக்குப் புரோகிராமில் வைத்த பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டால், 'வாஸ் நாட் டிக்ளேர்ட் இன் திஸ் ஸ்கோப்' என்று கம்ப்யூட்டர் திரையில் சிவப்பில் காட்டி நின்றுவிடும். இந்தப் பெயர் இங்கே அறிவிக்கப்படவில்லை என்று பொருள். செயப்பாட்டுவினை அது. யார் அறிவிக்கவில்லை என்று சொல்லாமல், அறிவிக்கப்படவில்லை என்று மட்டும் சொல்கிறது. வகுப்பில் ஸ்பெல்லிங் தப்பினால் வெட்கப்படுகிற பிள்ளை இங்கே பத்து முறை தப்புவிட்டு, பத்து முறை திருத்துவான். யாரும் பார்த்துச் சிரிக்கப்போவதில்லை. அந்தச் சிவப்பு வரிகளை நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் அர்த்தம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். போர்டு வாங்கப் பணம் இல்லாவிட்டால், டிங்கர்கேட் என்ற இலவச இணையதளத்திலேயே சர்க்யூட் வரைந்து ஓட்டிப் பார்க்கலாம்.

இலக்கணத்தை அடியிலிருந்து தொடங்கவா என்று கேட்டீர்கள். வேண்டாம். நோட்டில் அவன் எழுதுவதில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு பிழையை மட்டும் வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள், பள்ளி இங்கிலீஷ் ஆசிரியரிடம் காட்டி அதை மட்டும் கேட்கட்டும். எல்லாப் பிழையிலும் சிவப்பு மை விழுந்தால் எழுதுவதையே நிறுத்திவிடுவான். ஆனால் ஒன்று: பள்ளிப் புத்தகத்தில் இருக்கிற செய்யுளையும் கதையையும் ரோபோ சொல்லித் தராது. அதற்குத் தினமும் அரைமணி நேரம் தனியாக ஒதுக்கத்தான் வேண்டும். 'அரைமணி புத்தகம், பிறகு பெட்டி' என்று அவனோடு பேசி முடிவு செய்யுங்கள். தண்டனையாகச் சொல்லாதீர்கள்.

வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள்

கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய வரி இதுதான். தாயும் பிள்ளையும் பேசுகிற மொழியைப் பறித்துக்கொண்டு யாரும் இன்னொரு மொழியைக் கொடுத்துவிட முடியாது. கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர், தாய்மொழியில் வளர்ந்த சிந்தனை இரண்டாம் மொழிக்குக் கைகொடுக்கிறது என்று விளக்கினார். அன்றாடப் பேச்சு வர ஏறக்குறைய 2 வருடமும், பாடங்களைக் கையாளுகிற மொழி வர 5 முதல் 7 வருடமும் ஆகலாம் என்பது அவர் சொன்ன கணக்கு. சுற்றிலும் இங்கிலீஷ் கேட்கிற நாட்டிலேயே அப்படியென்றால், 45 நாள் வாக்குறுதியை என்னவென்று சொல்வது? உங்கள் மகன் ஒரு காலாண்டில் 31 எடுத்திருக்கிறான். மீடியம் மாறிய முதல் வருடத்தில் அது தோல்வி இல்லை.

தமிழ் எப்படிக் கைகொடுக்கும் என்பதற்கு ஒரு சிறு உதாரணம். தன்வினை, பிறவினை என்று தமிழ் வகுப்பில் அவன் படித்திருப்பான். தண்ணீர் ஏறுகிறது, மோட்டார் கொடியை ஏற்றுகிறது. இங்கிலீஷில் இது ரைஸ், ரெய்ஸ். தேர்வுகளில் குழப்புகிற இந்த ஜோடியை 'ஏறு, ஏற்று' என்று சொல்லிக் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொள்வான். திரும்பு, திருப்பு இரண்டுக்கும் இங்கிலீஷில் ஒரே 'டர்ன்' தான் என்பதையும் அவனே கண்டுபிடிக்கட்டும். இந்த இடத்தில் நம் மொழி இன்னும் நுட்பமாக இருக்கிறது என்று அவனுக்குத் தெரிவது நல்லது. 'ரோபோ' என்ற சொல்கூட இங்கிலீஷ் கிடையாது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து, 1920-ல் கரேல் சாபெக் எழுதிய நாடகத்தின் வழியாக உலகத்துக்கு வந்தது. உங்கள் ஊர்க் கடற்கரையில் கிடக்கிற கட்டுமரமும் அப்படி இங்கிலீஷுக்குள் போன சொல்தான்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் தமிழில் மூன்று கேள்வி கேட்பது. 'என்ன செய்யணும்னு நெனச்சே? என்ன ஆச்சு? அப்புறம் என்ன மாத்தினே?' அவன் தமிழில் விளக்கட்டும். விளக்கியதை இங்கிலீஷில் மூன்றே வாக்கியமாக எழுதட்டும். ஐ வான்டட் தி ரோபோ டு டர்ன் லெஃப்ட். இட் டர்ன்ட் ரைட். ஐ ஸ்வாப்ட் தி டூ வயர்ஸ். முடிந்தால் இந்தக் கேள்விகளை உங்கள் கணவர் கேட்கட்டும். பரண்மேல் போட்டவரே இறக்கி வைத்து, 'இது எப்படிப்பா திரும்புது?' என்று கேட்டால் பாதி மனத்தாங்கல் அங்கேயே கரைந்துவிடும்.

நான் விசாரிக்க விரும்புவது இன்னும் ஒன்று. தமிழ்ப் புத்தகத்தை அவன் சரளமாக வாசிக்கிறானா? தமிழிலும் எழுத்துக் கூட்டித் திணறுகிறான் என்றால், இது மீடியம் மாறியதால் வந்ததாக இல்லாமல் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டி மதிப்பீட்டுக்குக் கேளுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை அங்கீகரிக்கிறது, சான்றிதழ் இருந்தால் தேர்வில் சலுகையும் உண்டு. தமிழ் நன்றாக வாசிக்கிறான் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

கட்டிய பணம் பற்றி

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் பெற்றோர்கள் பலர் இந்த வழியில் போனதைப் பார்த்திருப்பதால் அடிப்படையைச் சொல்கிறேன். 'திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். விளம்பரத்தில் சொன்னதைத் தரவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கேள்வி கேட்கலாம். பள்ளி, கல்லூரிகளை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவருவதில் சிக்கல் உண்டு. ஆனால் தனியார் பயிற்சி மையங்கள் மீதான புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரித்து வருகின்றன.

விளம்பரம், ரசீது, பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மீதி 8,000 ரூபாயைக் கட்டாதீர்கள். நடந்த ஆறு வகுப்புக்கு உரியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும்படி எழுத்தில் கேட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். பெரும்பாலும் அங்கிருந்து ஒரு செய்தி போனாலே மையங்கள் இறங்கிவருவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். முழுப் பணமும் வந்தே தீரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். பிள்ளையை மட்டும் இந்தச் சண்டைக்குள் இழுக்காதீர்கள், 'உன்னாலதான் பத்தாயிரம் போச்சு' என்ற வார்த்தை ஒருநாளும் வேண்டாம்.

வேறு மையம் தேடும் முன், அவன் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் என்ற செய்முறைக் கூடம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2016-ல் மத்திய அரசின் நிதி ஆயோக் தொடங்கிய திட்டம் அது, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. ஒரு ஞாயிறு பஸ் ஏறி, புதுச்சேரி இலாசுப்பேட்டையில் உள்ள அப்துல் கலாம் அறிவியல் மையத்துக்குக் கூட்டிவாருங்கள். அங்கே எழுதி வைத்திருப்பவற்றில் பிடித்த ஒன்றை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீர் அலாரத்துக்குப் பென்சில் பேட்டரி போதும். வீட்டுக் கரண்டோடு இணைக்கவே கூடாது. பழைய போனில் இருந்து கழற்றிய லித்தியம் பேட்டரியும் வேண்டாம், தப்பாக இணைத்தால் தீப்பிடிக்கும். நான் சொன்ன அந்த சென்சார் நனைந்தாலும் கெட்டுவிடும். இந்த மூன்றையும் அவனே இங்கிலீஷில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டட்டும். 'டு நாட்' என்று தொடங்கும் வாக்கியங்கள் அவை.

வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் கருவி தயாரானால், அது எப்படி வேலை செய்கிறது என்று பத்து வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும். படித்துவிட்டு அவனுக்கே பதில் எழுதுகிறேன்.